ஐந்தாம் கோட்டில் முதல் கல்: கோ ஆட்டத்தை உயரத்தில் தொடங்கலாமா?

1. மாந்தோப்பு, கிருஷ்ணகிரி
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் கூடி கோ ஆடுகிறோம். பத்தொன்பது கோட்டுப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைத்து நிலம் அடைக்கும் ஆட்டம் அது. நான் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எல்லோரையும் போல நான்கு-நான்கு, மூன்று-நான்கு என்று மூலைகளில்தான் இதுவரை தொடங்கிக்கொண்டிருந்தேன். கடந்த ஒரு மாதமாக ஐந்து-ஐந்தில் தொடங்குகிறேன். இரண்டு ஓரங்களிலிருந்தும் எண்ணி வந்தால் ஐந்தாம் கோடுகள் சந்திக்கும் இடம் அது. நடுப்புள்ளியான டெங்கெனிலும் கல் வைத்துப் பார்க்கிறேன். ஏழு ஆட்டங்கள் ஆடி ஆறில் தோற்றுவிட்டேன்.

இன்றைய ஆட்டத்தைச் சொல்கிறேன். நான் கறுப்பு. மேல் வலது மூலையில் ஐந்து-ஐந்து, கீழ் வலதில் ஐந்து-நான்கு, மூன்றாவதாக டெங்கென். வெள்ளை இரண்டு இடது மூலைகளிலும் நான்கு-நான்கில் வைத்துவிட்டு, ஆட்டத்தின் ஆறாவது கல்லாக என் மேல் வலது மூலைக்குள் மூன்று-மூன்றில் இறங்கியது. நான் வெளியிலிருந்து அடைத்துக்கொண்டே வந்தேன். வெள்ளை உள்ளே பிடிபடாமல் சிறிதாக உயிர் பிழைத்தது. எனக்கு வெளியே என் கற்களாலான சுவர் கிடைத்தது. பதினாறாவது கல்லை வெள்ளை வலது ஓரத்தின் நடுவில், மூன்றாம் கோட்டில் வைத்தது. பதினேழாவது கல்லை நான் மேல் ஓரத்தில் வைத்து, சுவரை ஒட்டி நிலம் சேர்த்தேன். வெள்ளை கீழே இரண்டு புள்ளி தள்ளி ஒரு கல் வைத்து அமர்ந்துகொண்டது. அதன் பிறகு ஆட்டம் என் கைக்கு வரவே இல்லை. முடிவில் 31 புள்ளி வித்தியாசம்.

ஐந்தாம் கோட்டில் தொடங்குவதே தவறா, அல்லது எனக்குத் தொடரத் தெரியவில்லையா? இந்தத் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பலகை முழுவதும் திறந்து கிடப்பது போன்ற உணர்வு வேறு எந்தத் தொடக்கத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

2. கருங்கல், காவேரிப்பட்டணம்
ஞாயிறு, இரவு 10.05

இன்று வெள்ளை ஆடியவன் நான்தான். மூன்று-மூன்றில் இறங்கும்போது எனக்கு உள்ளூர பயம் இருந்தது. நீங்கள் பதினேழாவது கல்லை மேலே வைத்ததும் அது போய்விட்டது. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை, மற்றவர்கள் சொல்லட்டும்.

3. தொப்பூர் கணவாய், தருமபுரி
ஞாயிறு, இரவு 10.50

மாந்தோப்பு தம்பி, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். மூலை, பிறகு ஓரம், அதன் பிறகுதான் நடு. எத்தனையோ தலைமுறைகள் ஆடிப் பார்த்துக் கண்ட வரிசை இது. காரணமும் எளிது. ஒன்பது புள்ளி கொண்ட சதுர நிலத்தை மூலையில் அடைக்க ஆறு கற்கள் போதும். ஓரத்தில் ஒன்பது கற்கள் வேண்டும், நடுவில் பன்னிரண்டு. நம் ஊரில் கல்தூண் நட்டுக் கம்பி வேலி போடுகிறவரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார். இரண்டு பக்கம் பக்கத்துத் தோட்டக்காரனின் வேலி ஏற்கெனவே நிற்கும் மூலை நிலத்துக்குச் செலவு பாதி.

மூன்று ஆண்டு அனுபவத்தில் ஐந்து-ஐந்து ஆடுவது அவசரம். முதலில் நான்கு-நான்கிலும் மூன்று-நான்கிலும் கை பழகட்டும்.

4. சதுரப்பலகை, அரூர்
திங்கள், காலை 6.15

அரூரில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்பதுக்கு ஒன்பது பலகையில் கோ கற்றுக்கொடுக்கிறேன். அந்தச் சிறிய பலகையில் முதல் கல்லை நடுவில் வைப்பதுதான் இயல்பான தொடக்கம். அங்கே நடுப்புள்ளியே ஐந்து-ஐந்துதான்! ஓரத்திலிருந்து அதே தூரம், அதே உயரம். ஆனால் அங்கே நான்கு மூலைகளும் அந்தக் கல்லின் கைக்கு எட்டுகின்றன. பத்தொன்பது கோட்டுப் பலகையில் ஐந்து-ஐந்தில் இருக்கும் கல்லுக்கு அதன் சொந்த மூலையே முழுதாக எட்டுவதில்லை.

பெரிய பலகைக்கு மாறும் பிள்ளைகள் பழக்கத்தில் நடுவிலேயே வைக்கிறார்கள். நான் தடுப்பதில்லை. எதிரி மூலைகளை எடுத்துக்கொண்டு போவதைத் தாங்களே பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் இன்றும் நடுவில் வைக்கிறாள், வென்றும் விடுகிறாள். எதிரியின் எந்தக் கல் தனியாக நிற்கிறதோ அதன் மேல் பாய்வதைத் தவிர அவளுக்கு வேறு ஆட்டமே தெரியாது.

5. கணக்கு வாத்தியார், பாலக்கோடு
திங்கள், காலை 11.30

தொப்பூர் அன்பர் சொன்ன ஆறு, ஒன்பது, பன்னிரண்டு கணக்கு சரியானது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் மீதியையும் போட்டுவிடுகிறேன். கட்டம் போட்ட நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

பலகையில் 19 பெருக்கல் 19, மொத்தம் 361 புள்ளிகள். ஒருவர் மூன்றாம் கோடு முழுவதையும் சுற்றி எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அவருக்கு 56 கற்கள் செலவு. வெளியே, ஓரத்தை ஒட்டிய இரண்டு வரிசைகளில், அவர் பெறும் நிலம் 136 புள்ளி. மற்றவர் நான்காம் கோட்டைச் சுற்றி எடுக்கிறார். 48 கற்கள், உள்ளே 11 பெருக்கல் 11, ஆக 121 புள்ளி. ஒரு கல்லுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு சுமார் 2.43, இரண்டாமவருக்கு 2.52. கிட்டத்தட்டச் சமம். மூன்றாம் கோடு நிலத்தின் கோடு, நான்காம் கோடு நடுவை நோக்கிய செல்வாக்கின் கோடு என்று புத்தகங்கள் சொல்வதற்குப் பின்னால் நிற்பது இந்தத் தராசுதான்.

இப்போது ஒரு படி மேலே ஏறுங்கள். நீங்கள் ஐந்தாம் கோட்டில், எதிரி உங்களுக்குக் கீழே நான்காம் கோட்டில். உங்களுக்கு 40 கற்களில் 81 புள்ளி. எதிரிக்கு 48 கற்களில் 192 புள்ளி. தராசு தரையில் இடித்துவிட்டது.

மாந்தோப்பு கேட்ட கேள்விக்கு இந்த 81-க்கும் 192-க்கும் நடுவில் விடை இருக்கிறது. ஐந்தாம் கோட்டுக் கல்லை வைத்து நிலம் கட்ட முடியாது. எப்படி அடுக்கினாலும் கணக்கு இடிக்கும். அந்தக் கல்லை வைத்தவர் வேறு எதற்காகவோதான் வைத்திருக்க வேண்டும்: எதிரியின் ஒரு கூட்டத்தை நிம்மதியாக இருக்க விடாமல் துரத்துவதற்கு. தம்பி, நீங்கள் பதினேழாவது கல்லில் நிலம் கட்டப் போனீர்கள். கட்ட முடியாத கல்லை வைத்துக்கொண்டு கட்டப் போனதுதான் தவறு. முதல் கல் ஒரு தவறும் செய்யவில்லை.

6. பரண் காவல், தேன்கனிக்கோட்டை
திங்கள், மாலை 7.20

ஐயா சொன்னதை எங்கள் ஊர் வழக்கில் சொல்கிறேன். ராகி கதிர் பிடித்ததும் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து மரத்தின் மேல் பரண் கட்டி ராத்திரிக் காவல் இருப்போம். பரணில் ஒரு கதிர்கூட விளையாது. ஆனால் அங்கிருந்து நான்கு பக்கமும் தெரியும். எந்தப் பக்கம் சலசலப்பு கேட்டாலும் விளக்கடித்துக் கத்தி விரட்டலாம். ஐந்து-ஐந்துக் கல் பரண் என்று நினைத்துக்கொண்டால், பரண் மேல் ஏறித் தூங்கினால் என்ன ஆகும் என்பதும் விளங்கும். மறுநாள் காலை ராகி இருக்காது.

7. மாந்தோப்பு, கிருஷ்ணகிரி
திங்கள், இரவு 8.45

ஐயா, 192 என்ற எண்ணைப் பார்த்ததும் நோட்டை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. ஆனால் பதினேழாவது கல்லை எங்கே வைத்திருக்க வேண்டும்? துரத்த வேண்டும் என்பது புரிகிறது. எந்தப் பக்கத்திலிருந்து?

8. கணக்கு வாத்தியார், பாலக்கோடு
செவ்வாய், காலை 10.10

கீழிருந்து. உங்கள் சுவர் மேலே இருக்கிறது, டெங்கெனில் கல் இருக்கிறது, கீழ் வலது மூலையில் ஐந்து-நான்கு இருக்கிறது. வெள்ளையின் பதினாறாவது கல் இவை மூன்றுக்கும் நடுவில் தனியாக வந்து நிற்கிறது. மூன்றாம் கோட்டில் ஒற்றைக் கல் இரண்டு புள்ளி தள்ளி இன்னொரு கல்லைச் சேர்த்துக்கொண்டால் அதற்கு அடித்தளம், அதாவது ஓரத்திலேயே பிழைத்து நிற்க இடம், கிடைத்துவிடும். பிறகு அதை அசைப்பது பெரும்பாடு. ஆகவே அது கீழே தள்ளிப் போகும் இடத்தை நீங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மிஞ்சும் இடம் மேலே மட்டும்தான். அங்கே உங்கள் சுவர் நிற்கிறது. மேலே போய் முட்டிக்கொள்ளும், அல்லது நடுவை நோக்கி ஓடும். ஓடினால் எதிரே டெங்கென். ஆட்டத்தின் ஐந்தாவது கல்லாக நீங்கள் அதை வைத்ததே இந்த ஒரு தருணத்துக்காகத்தான்.

ஆட்டைப் பட்டிக்குள் அடைக்கும்போது பட்டிச் சுவர் இருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது விரட்டுவார்களா? எதிர்ப்பக்கம் நின்று சுவரை நோக்கித்தானே விரட்டுவோம்.

சுவரிலிருந்து ஓரத்தில் விரிவதற்கும் பழைய அளவு ஒன்று உண்டு. இரண்டு கல் உயரச் சுவர் என்றால் மூன்று புள்ளி விட்டு, மூன்று கல் என்றால் நான்கு புள்ளி விட்டு. நீங்கள் மேல் ஓரத்தில் எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்?

9. மாந்தோப்பு, கிருஷ்ணகிரி
செவ்வாய், காலை 10.30

இரண்டு புள்ளி விட்டு. சுவர் மூன்று கல் உயரம்.

10. தொப்பூர் கணவாய், தருமபுரி
செவ்வாய், பிற்பகல் 3.15

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதில் வரலாறும் கொஞ்சம் பேச வேண்டும். உயரத்தில் தொடங்கியவர்கள் எல்லோரும் வென்றுவிடவில்லை.

1670-ல் ஜப்பானில் யாசுய் சான்டெட்சு என்பவர், ஹோனின்போ என்ற கோ குடும்பத்தின் டோசாகுவுக்கு எதிராக அரண்மனையில் ஆடிய ஆட்டத்தில் முதல் கல்லை டெங்கெனில் வைத்தார். சான்டெட்சு வானியல் வல்லுநர். பின்னாளில் ஷிபுகாவா என்ற பெயரில் ஜப்பானின் நாள்காட்டியைத் திருத்தி அமைத்தவர் அவர்தான். வானத்துக்கு நடுவாக வடமீன் இருப்பது போலப் பலகைக்கு டெங்கென் என்று நம்பினார். இதில் தோற்றால் இனி டெங்கெனில் தொடங்குவதில்லை என்றும் சொல்லியிருந்தாராம். ஒன்பது புள்ளியில் தோற்றார்.

அடுத்த பெரிய முயற்சி 1933-ல். கோ செய்கென், கிடானி மினோரு என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஷின் ஃபுசெகி எனப்படும் புதிய தொடக்க முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் செய்கென் ஹோனின்போ ஷூசாயை எதிர்த்து அமர்ந்தார். முதல் கல் மூன்று-மூன்று. ஹோனின்போ வீட்டில் அது விலக்கப்பட்ட புள்ளி. தன் இரண்டாவது கல்லை எதிர்மூலையில் நான்கு-நான்கில் வைத்தார். மூன்றாவது டெங்கென். குறுக்குக் கோடு போட்டது போல மூன்று கற்கள்! ஆட்டம் 1934 ஜனவரி வரை இழுத்தது. அந்தக் கால வழக்கப்படி, வேண்டும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை மூத்தவரான ஷூசாய்க்கு இருந்தது. நிறுத்தி நிறுத்தி ஆடி, 160-வது கல்லில் ஓர் அற்புதமான இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு புள்ளியில் வென்றார். அந்தக் கல்லைக் கண்டது அவருடைய சீடர் மாயெடா என்ற பேச்சும் உண்டு.

நான் கவனிக்கச் சொல்வது கிடானியை. செய்கெனோடு சேர்ந்து உயரத்துக்குக் கொடி பிடித்த அவரே பின்னாட்களில் தாழ்வாக, மூன்றாம் கோட்டில் நிலம் பார்த்து ஆடுகிறவராக மாறிவிட்டார்.

11. சதுரப்பலகை, அரூர்
செவ்வாய், இரவு 9.00

தொப்பூர் அண்ணா, கிடானியின் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அவர் வீட்டில் தங்கிப் படித்த மாணவர்களில் ஒருவர் டகெமியா மசாகி. ஒரே ஓரத்தில், பலகையில் பொட்டு வைத்துக் குறித்த மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் வரிசையாக எடுத்து, பலகையின் நடுவை நோக்கி ஆடுவது அவருடைய முறை. ‘பிரபஞ்ச பாணி’ என்று ஜப்பானியர் பெயர் வைத்தார்கள். அந்த முறையை வைத்துக்கொண்டு ஹோனின்போ பட்டத்தை ஆறு முறை வென்றார். 1988-லும் 1989-லும் ஃபுஜிட்சு உலகக் கோப்பையையும் வென்றார். குரு தாழ இறங்கிய பிறகு சீடன் உயர ஏறியிருக்கிறான்!

இன்னொன்று. ஷூசாயிடம் செய்கென் தோற்றது இரண்டே புள்ளியில். எதிரே அமர்ந்திருந்தது அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர். செய்கெனுக்கு வயது பத்தொன்பது. அந்த மூன்று கற்கள் மோசமான கற்களாக இருந்திருந்தால் ஆட்டம் 160-வது கல் வரை தொங்கிக்கொண்டா இருந்திருக்கும்?

12. தொப்பூர் கணவாய், தருமபுரி
செவ்வாய், இரவு 9.25

அந்தக் காலத்தில் கறுப்புக்கு முதல் கல் வைக்கும் சலுகை முழுதாகக் கிடைத்தது; அதற்கு ஈடாக வெள்ளைக்குக் கொடுக்கும் கோமி என்ற புள்ளி கிடையாது. இன்று ஜப்பானிய விதியில் வெள்ளைக்கு ஆறரைப் புள்ளி, சீன விதியில் ஏழரைப் புள்ளி கொடுத்துவிட்டுத்தான் கறுப்பு அமர்கிறது. மெத்தனமான முதல் கல்லுக்கு இன்று விலை அதிகம். ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

13. சந்தைமேடு, பென்னாகரம்
புதன், காலை 7.50

இதையெல்லாம் படித்தபோது ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வருகிறது. ஆடுகளை ஓரத்தில் வைத்துத் தொடங்குவோம்; ஓரத்தில் இருக்கும் ஆட்டின் பின்னால் இறங்க இடம் இல்லாததால் புலி அதை எளிதில் தாண்ட முடியாது. நடுவில் வைத்த ஆடு சீக்கிரம் போய்விடும்.

14. கணக்கு வாத்தியார், பாலக்கோடு
புதன், காலை 11.00

நல்ல நினைவு. ஆனால் ஆடுபுலியில் காய் நகரும், கோ ஆட்டத்தில் வைத்த கல் வைத்த இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் உயரத்தில் வைக்கும் கல்லுக்கு இவ்வளவு யோசனை. பிறகு இறக்கி வைக்க வழி இல்லை.

15. கருங்கல், காவேரிப்பட்டணம்
புதன், இரவு 10.20

ஞாயிறு ஆட்டத்தைக் கடாகோவில் போட்டுப் பார்த்தேன். இலவசமாகக் கிடைக்கும் கணினி நிரல்தான். என் பழைய கணினியில் மெதுவாக ஓடுகிறது, இருந்தாலும் ஓடுகிறது.

முதல் கல் ஐந்து-ஐந்துக்கு அது குறைத்த மதிப்பு இரண்டு புள்ளிக்கும் கீழே. டெங்கெனுக்கும் கொஞ்சம் குறைத்தது. பதினேழாவது கல்லுக்குக் குறைத்தது பதினொன்று! அது காட்டிய இடம் வாத்தியார் ஐயா சொன்ன அதே இடம், ஒரு கோடு மட்டும் வித்தியாசம். ஐயா மூன்றாம் கோட்டை நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நிரல் நான்காம் கோட்டில் வைக்கச் சொல்கிறது.

நான் வைத்த பதினாறாவது கல்லும் தவறாம். சுவருக்கும் டெங்கெனுக்கும் இடையில் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கக் கூடாதாம். என் தவறுக்கு நீங்கள் தண்டனை கொடுக்கவில்லை, அதனால்தான் நான் வென்றேன்.

16. பரண் காவல், தேன்கனிக்கோட்டை
வியாழன், காலை 6.40

நிரல்கள் தாமாகத் தொடங்கும்போது நான்கு-நான்கும் மூன்று-நான்கும்தான் வைக்கின்றன என்பது உண்மை. ஆனால் 2016 மார்ச்சில் சியோலில் கொரிய வீரர் லீ செடோலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் வைத்த 37-வது கல்லை மறந்துவிடக் கூடாது. ஐந்தாம் கோட்டில், எதிரியின் நான்காம் கோட்டுக் கல்லின் தோளை அழுத்தி வைத்தது. எதிரிக்கு நான்காம் கோட்டில் நிலத்தைத் தள்ளிக்கொடுக்கும் கல். ஐயாவின் 192 கணக்குப்படி பார்த்தால் யாரும் வைக்கத் துணியாதது. நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தவர்களே முதலில் தவறாக வைத்துவிட்டதோ என்று நினைத்தார்கள். அந்த ஆட்டத்தை ஆல்ஃபாகோ வென்றது. தொடரையும் நான்குக்கு ஒன்று என்று வென்றது. பலகையின் மற்றப் பக்கங்களில் இருந்த கற்களோடு சேர்ந்து அந்த ஒரு கல் வேலை செய்தது.

17. கணக்கு வாத்தியார், பாலக்கோடு
வியாழன், பகல் 12.15

கருங்கல் தம்பி, நான்காம் கோடுதான் சரி. நான் மூன்றாம் கோட்டைத்தான் நினைத்திருந்தேன். கீழ் மூலையில் இருக்கும் கல் ஐந்து-நான்கு என்பதால் அதோடு சேர்ந்து நடுவையும் பார்க்க நான்காம் கோட்டில் இருப்பது நல்லது. திருத்தத்துக்கு நன்றி.

37-வது கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கணக்கு பலகை முழுவதையும் சுற்றி அடைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது. உண்மை ஆட்டத்தில் யாரும் அப்படிச் சுற்றுவதில்லை. ஓர் இடத்தில் நிலத்தைக் கொடுத்து, அதன் பயனை இன்னோர் இடத்தில் வாங்குகிறோம். வாங்கத் தெரிந்தால் கொடுக்கலாம். தம்பி மாந்தோப்பு மூலையைக் கொடுத்தார், வாங்க வேண்டிய இடத்தில் கை நீட்டவில்லை.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த பத்து ஆட்டங்களிலும் ஐந்து-ஐந்தில் தொடங்குங்கள். இருபதாவது கல் வரை நிலத்தைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறை கல்லைக் கையில் எடுக்கும்போதும் பலகையில் எதிரியின் எந்தக் கூட்டத்துக்கு இன்னும் அடித்தளம் இல்லை என்று மட்டும் தேடுங்கள்.

18. மாந்தோப்பு, கிருஷ்ணகிரி
ஞாயிறு, இரவு 10.30

இன்று மறுபடியும் கருங்கல்லோடு ஆடினேன். அவர் பட்டறையில் மிஞ்சிய கிரானைட் பலகையில் அவரே கோடு அறுத்துக் கொண்டுவந்திருந்தார். கல்லின் மேல் கல் வைக்கும்போது வரும் ஓசை மாடி முழுவதும் கேட்டது.

முதல் கல் ஐந்து-ஐந்து. அவர் இந்த முறை மூன்று-மூன்றில் இறங்காமல் மூன்று-நான்கில் வந்தார். பத்தொன்பதாவது கல்லில் மேல் ஓரத்தில் பன்னிரண்டு புள்ளி போல நிலம் கட்ட ஓர் இடம் இருந்தது. கை அங்கேதான் போனது. கல் பலகையைத் தொடும் முன் நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தேன். இடது ஓரத்தில் அவருடைய இரண்டு கற்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே வைத்தேன். அவர் நடுவுக்கு ஓடினார். நாற்பது கற்கள் வரை துரத்தினேன். பிடிக்க முடியவில்லை, தப்பித்துவிட்டார். ஆனால் துரத்திக்கொண்டே போனதில் மேல் ஓரம் தானாகவே நிறைந்திருந்தது. நான் ஒரு கல்கூட அங்கே நிலத்துக்காக வைக்கவில்லை.

இரண்டரைப் புள்ளியில் தோற்றேன்.

19. கருங்கல், காவேரிப்பட்டணம்
ஞாயிறு, இரவு 10.45

நாற்பது கற்களும் எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்பதாவது கல்லில் நீங்கள் பதில் சொன்ன விதம் பற்றிப் பேச வேண்டும். நிரலில் போட்டுவிட்டு நாளை எழுதுகிறேன். அடுத்த வாரம் நான் கறுப்பு. டெங்கெனில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

20. தொப்பூர் கணவாய், தருமபுரி
திங்கள், காலை 6.05

அடுத்த ஞாயிறு நானும் தருமபுரியிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். ஐந்து-ஐந்துக்கு எதிராக வெள்ளை ஆட எனக்கு ஓர் ஆட்டம் வேண்டும், மாந்தோப்பு தம்பி.